கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் அக்காவுக்கு நன்றி

பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றபோது கையிலிருந்த ஃபைலைப் பார்த்தே கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) என்று புரிந்துகொண்டு பேசினீர்களே, அக்கா, உங்களுக்குத்தான் இந்த நன்றி. பெயர் கேட்க விட்டுப்போச்சு. நீங்கள் சொன்னது நாலு பேருக்கு உதவட்டும்.

வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்கணும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வாயைக் காயவைக்கும். களி இறங்காத நாளில் அதே ராகி மாவைக் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டுக் கொடுக்கலாம். புளியும் மிளகாயும் பக்கத்திலேயே வரக் கூடாது. நாக்கில் இரும்பு வாடை அடித்தால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மர ஸ்பூன்.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம்தான், ரத்தமில்லை. பீட்ரூட் பொரியல் மேல் பழி போடவும் வேண்டாம்.

காய்ச்சலில் மட்டும் விளையாட்டே கூடாது. கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் பெரும்பாலும் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் சூடு இறங்கும், தொற்று உள்ளேயே இருக்கும். போனதும் முதல் வார்த்தையாக, கீமோ ஏற்றிய தேதியைச் சொல்லணும்.

அப்புறம் கீமோவில் முடி கொட்டி மொட்டையாகும் அந்த விஷயம். எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டால் தீர்த்தமலை என்று சொல்லிவிடணுமாம். பிரசாதம் கேட்டால் மாத்திரை டப்பாவை நீட்டணுமாம்!