ஒரு தடவை வாசிக்கிற பெயர்

குன்னூர்,
அக்டோபர் 24

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான், திட்டிக்கொள். முழங்கால் பரவாயில்லை, மழை பிடித்தால் குத்துகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். நீ அனுப்புவதாகச் சொன்ன மலைப்பூண்டு மட்டும் மூன்று வருஷமாகக் கொடைக்கானல் பெருமாள்மலையைத் தாண்டவில்லை என்று உன் தங்கச்சி சொல்லச் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 21ஆம் தேதி ஊட்டிக்குப் போயிருந்தேன், காவலர் வீரவணக்க நாளுக்கு. பேத்தி ஆயுதப்படைக்கு வந்தபின் அவளுக்கு இதுதான் முதல் வருஷம். சட்டைக் கையில் புது இலச்சினை. 2022 ஜூலை 31-ல் சென்னை ராஜரத்தினம் மைதானத்தில் அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த வெங்கையா நாயுடு, குடியரசுத் தலைவர் கொடியை நம் தமிழ்நாடு போலீஸ் படைக்குக் கொடுத்தாரே, அதற்குப் பின் வந்தது. நாம் காக்கியைக் கழற்றிய பிறகு வந்ததே என்று எனக்கு ஏக்கம்தான். கிளம்பும்போது அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

முதல்நாள் ராத்திரி அவள் கேட்டாள்: "லடாக்கில் செத்தவங்களுக்கு ஊட்டியில ஏன் தாத்தா?" சொன்னேன். 1959-ல் ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம் காணாமல்போன ஆட்களைத் தேடிப் போனார்கள். சீன ராணுவம் மறைந்திருந்து சுட்டதில் பத்துப் பேர் போனார்கள். அவர்கள் ராணுவத்தார் இல்லை, நம்மைப் போலப் போலீஸ்காரர்கள். உடல்கள் கைக்கு வரவே நவம்பர் பாதி ஆகிவிட்டது. அந்த இடம் பதினாறாயிரம் அடி. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட. தொட்டபெட்டாவில் ஒரு ராத்திரி பாரா நின்றவனுக்கு அந்தக் குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? அவள் வெகுநேரம் பேசவில்லை.

காலையில் மைதானம் முழுக்க மூடுபனி. பெயர் வாசித்தார்கள். ஒரு வருஷத்தில் நாடு முழுக்கப் பணியில் உயிர்விட்டவர்கள், மாநிலம் மாநிலமாக, இருநூறுக்குக் கிட்ட. துப்பாக்கி வாய் பூட்ஸ் மேல், தலை குனிந்து பேத்தி நின்றாள். மூன்று சுற்று வேட்டு. அப்புறம் பியூகிள். ஊதியது ஒரு சின்னப் பையன். கடைசி இழுப்பை விடாமல் பிடித்தான் பார், எனக்கு நம் பியூகிள்காரன்தான் நின்றான் கண்முன். அந்தச் செக்போஸ்ட் ராத்திரிக்கு முந்தின வருஷம்வரை இதே மைதானத்தில் அவன்தானே ஊதினான்?

அவன் வீட்டம்மா வந்திருந்தது. மலர்வளையம் வைத்துவிட்டு வந்ததைச் சேரிங்கிராஸில் டீக்கு உட்கார வைத்தோம். வர்க்கியைத் தொடவே இல்லை. "பேரை ஒருவாட்டிதான் அண்ணே படிச்சாங்க. அடுத்த வருசத்திலிருந்து வேற பேருங்க" என்றது. மாப்பிள்ளை, இத்தனை வருஷம் அந்த மைதானத்தில் நின்றிருக்கிறேன், இது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தந்த வருஷத்துப் பெயர்தான் வாசிப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாப் பெயரையும் வாசிக்க ஒரு நாள் போதாது. ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு வருஷமும் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, வராத பெயருக்குக் காது கொடுத்திருக்கிறது. நான் பின்னால் நின்றுகொண்டு, பந்தோபஸ்து எப்போது கலையும் என்று பார்த்திருக்கிறேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் மலையில் மேலூர், சோலூர் பக்கம் வீரக்கல் பார்த்திருக்கிறாய். சண்டையில் விழுந்தவனுக்குக் கல் வைத்தவர்கள் அவனை ஒரு வருஷத்தோடு விட்டுவிடவா வைத்தார்கள்?

தில்லியில், சாணக்கியபுரியில் கல் இருக்கிறது. 2018 அக்டோபர் 21-ல் திறந்தது. முப்பது அடி உயரம், 238 டன், ஒற்றைக் கருங்கல். சுற்றிச் சுவரில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்ட காவலர் பெயரெல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். திறந்தபோதே முப்பத்துநாலாயிரத்துக்கு மேல். நம்மவன் பெயரும் அதில் இருக்க வேண்டும். வீட்டம்மா அதைப் பார்த்ததில்லை. நானும்தான், நீயும்தான்.

மார்ச்சில் அங்கே குளிர் விட்டிருக்கும். நாம் மூன்று பேரும் போவோம், பேத்திக்கு லீவு கிடைத்தால் அவளும். டிக்கெட் நான் போடுகிறேன். நீ சாக்குச் சொல்லாதே. பயிற்சி முடிந்த அன்று மூவரும் எடுத்த படம் உன் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். தேடி எடுத்து வை. அதில் அவன் தொப்பி கோணலாக இருக்கும். பேத்திக்குக் காட்ட வேண்டும்.

பூண்டையும் மறக்காதே.

உன்,
குன்னூர்க்காரன்