பச்சைச் சுவருக்குத் தண்ணீர் காட்டிய அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

என்ன நடந்தது என்று இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று இரவு எங்கள் வாசலிலேயே நின்றீர்கள். மீதிப் பேருக்கு விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காக இரண்டே வரி: என் கணவர் தேறிவிட்டார். தோளில் கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுத எழுதத் திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீடும் நிற்கிறது, இடிந்து விழுந்த பின்பக்க மச்சைத் தவிர.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். மனது இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை என்பதால் வரிசை முன்பின்னாக இருக்கும். யாரையாவது விட்டிருந்தால் நேரில் வந்து திட்டலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இரவோடு இரவாக முட்டு கொடுத்தவர்களை முதலில் சொல்கிறேன். தொங்கிப்போன விட்டத்தைப் பார்த்தால் ஜாக்கியை வைத்து ஒரேயடியாகப் பழைய மட்டத்துக்குத் தூக்கிவிடத்தான் யாருக்கும் கை பரபரக்கும். அப்படித் தூக்கினால், எத்தனையோ வருடமாக அந்தத் தொய்வோடு பழகிப்போன சுவர்களெல்லாம் விரிசல் விட்டுவிடும். நீங்கள் கொஞ்சம்கூடத் தூக்கவில்லை. முட்டு விட்டத்தைத் தொட்டுப் பாரத்தை வாங்கிக்கொள்ளும் வரைதான் திருகினீர்கள், அதோடு நிறுத்தினீர்கள். அடியில் தடிப்பலகை போட்டுப் பாரத்தைத் தரையில் பரப்பியதும், மாடியில் முட்டு நின்ற இடத்துக்கு நேர் கீழே இன்னொரு முட்டு வைத்ததும், பயந்து நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.

விடிந்ததும் வந்த பொறியாளர் விரிசல்களின் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும், பழைய முறைதான். இதுவரை ஒன்றும் உடையவில்லை. காலையில் எழுந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அவற்றைத்தான்.

ரத்தம் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு இரவு முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள், பிள்ளையைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்திருந்தவர்கள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லிக்கொள்ளாத அலுவலக நண்பர்கள், இடிபாட்டை அள்ளியவர்கள், எல்லோருக்கும் நன்றி. தனியாக இன்னொரு கூட்டத்துக்கும் சொல்ல வேண்டும். 'ஆள் வைத்துச் செய்யாமல் நீங்களே எதற்கு இந்தப் பழைய வீட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?' என்று ஆரம்பத்திலிருந்தே கேட்டவர்கள் நீங்கள். 'நாங்கள் அப்பவே சொன்னோமே' என்ற வாக்கியம் உங்கள் நுனி நாக்கு வரை வந்திருக்கும். ஒருவர்கூடச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம்.

முன்கூடத்துச் சுவரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள். எங்களுக்கு முன்பு இருந்த யாரோ அந்தச் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்தக் காலத்துச் செங்கல் மெத்தென்று இருக்கும், தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் பூச்சின் வழியாகவே காற்றில் போய்விடும். சிமெண்ட் அதற்கு வழி விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைச் சேர்த்துக்கொண்டு செங்கலின் முகத்தையே மாவாக உதிர்த்துவிடும். பூச்சைத் தட்டினால் வெற்றுச் சத்தம், பெயர்த்தால் கை நிறைய செங்கல் தூள். 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதுதான் பழைய வீடுகளுக்கு வந்த முதல் வினை என்று இவர் பிரசங்கம் செய்யாத ஆளே கிடையாது. (புதுக் கட்டடத்துக்கு அது நல்லதுதான் என்று சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். சேர்த்துவிட்டேன்.)

ஆகவே மொத்தச் சிமெண்டையும் உளியும் சுத்தியலுமாகப் பெயர்த்தோம். சுவரை மாதக்கணக்கில் காய விட்டோம். சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கு அடியில் ஊறப் போட்டு, வெண்ணெய்ப் பதம் வந்த பிறகு மணலோடு சேர்த்துக் குழைத்து, ஒவ்வொரு பூச்சாக ஏற்றினோம். கடைசிப் பூச்சை மட்டப்பலகையால் தேய்த்து முடித்தது அந்த நாள் சாயங்காலம். அன்று இரவுதான் எல்லாம்.

சுண்ணாம்புப் பூச்சின் சங்கடம் என்னவென்றால், பூசி முடித்த பிறகுதான் அதன் வேலையே ஆரம்பிக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுடும்போது அதிலிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். சுவரில் ஏறிய பின் காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித்தான் பூச்சு மறுபடி கல்லாகிறது. அதற்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஈரம் சட்டென்று போய்விட்டால் பூச்சு கல்லாகாது. வலை வலையாக வெடிக்கும், விரலால் தேய்த்தால் கோலப்பொடி மாதிரி கையோடு வரும். முதல் சில நாட்கள் வெயிலும் காற்றும் நேரே படாமல் மறைத்து, பூந்தூறலாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்களோ ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

இவர் கண் திறந்து கொஞ்சம் பேச ஆரம்பித்ததும் முதலில் பிள்ளையைக் கேட்டார். அடுத்ததாகச் சுவரைக் கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். யாரிடம் போய்ச் சொல்வது? 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று வந்தவர்கள் எல்லோரும் மனதாரத்தான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணவர் அந்த நிலையில் கிடக்கும்போது, 'என் சுவருக்குப் போய்க் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்களேன்' என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. போனது போனதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். அதை முடிவு செய்த பிறகு வராந்தாவில் அழுதேன். பார்த்தவர்கள் இவருக்காக அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். இவருக்காக நான் அதுவரை அழவில்லை, அதற்கு நேரமே இருக்கவில்லை. அன்று அழுதது சுவருக்காகத்தான். ஒரு பூச்சுக்கு அழுகிறோமே என்று அதற்கு வேறு வெட்கம்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது முன்கூடத்தைப் பார்க்கவே கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைந்தேன். ஈர வாசனை அடித்தது. நிமிர்ந்தால், சுவர் முழுக்க நல்ல ஈரத்தில், கருத்து, ஒரே சீராக இருக்கிறது. ஒரு வெடிப்பு இல்லை. தெருப்பக்க ஜன்னலுக்கு நனைத்த சாக்கு தொங்குகிறது. சுவருக்கு முன்னாலும் சாக்கு, சுவரைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டி மாட்டியிருந்தது. தொட்டால் கறை ஏறும் என்பது தெரிந்தவர் கட்டிய கயிறு.

முட்டுகளைச் சரிபார்க்க வந்திருந்தவரிடம், 'நீங்களா செஞ்சீங்க?' என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'உங்கம்மாதானே காலையிலயும் சாயங்காலமும் வந்து தெளிச்சிட்டுப் போறாங்க?'

என் அம்மா இறந்து பல வருடமாகிறது.

அந்த அம்மா யாரென்று உங்களில் சிலருக்கு இப்போது தெரியும். தெரிந்தவர்கள் தெரியாத மாதிரியே இருங்கள். பெயர் போடக் கூடாது, ஊரெல்லாம் சொல்லக் கூடாது என்பது அவருடைய கட்டளை. சில வீடுகள் தள்ளி இருக்கிறார். நாங்கள் வேலை செய்யும்போது எத்தனையோ முறை எங்கள் வாசலுக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறார். சிரித்தால் சிரிக்க மாட்டார். கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். நாங்கள் போடும் சத்தம் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருந்தோம். அவர் கலவையின் பதம் பார்த்துக்கொண்டு நின்றாராம். இளவயதில் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். சுண்ணாம்பு அரைத்து, குழைத்து, சாரத்தில் ஏற்றிக் கொடுத்த கை.

மறுநாள் காலை வழக்கம்போல வாளியோடு வந்தார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், 'பச்சைச் சுவரை அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்க, அது காஞ்சுடாதா?' என்றார். ஏதோ அவசரத்தில் அடுப்பை அணைக்க மறந்து போனவளிடம் பேசுகிற தொனி. பிறகு எப்படித் தெளிப்பது என்று காட்டினார். நாங்கள் கைத்தெளிப்பான் வைத்திருந்தோம், அதை அவர் தொடவில்லை. ஒரு கட்டுத் துடைப்பக் குச்சியை நனைத்து, ஓர் உதறு உதறி, மீதி நீரை மட்டும் சுவருக்கு விட்டார். பனி மாதிரி இறங்குகிறது. ஊற்றினால் சுண்ணாம்பு வழிந்து கோடு விழும். கைக்குப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார், சுண்ணாம்பு தோலை அரிக்கும் என்பதால். பகலெல்லாம் மூடி வைத்து, சாயங்காலம் காற்று அடங்கியதும் ஜன்னலைத் திறந்து விட்டிருக்கிறார். சுவர் கல்லாவதற்குக் காற்றும் வேண்டும் என்று புத்தகம் புத்தகமாக நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை, 'அதுவும் மூச்சு விடணும்ல' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முதல் நாளே சில இடங்களில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்ததாம். எங்கள் மட்டப்பலகையையே எடுத்து, ஈரம் இருக்கும்போதே தேய்த்து மூடிவிட்டார். எந்த இடம் என்று இன்றுவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இடிந்த பக்கம் யாரும் போகாதபடி பொறியாளர் குறுக்கே கட்டிய கயிற்றை அந்த அம்மா ஒரு தடவையும் தாண்டவில்லை. அங்கே இருந்தவர்கள் அவரை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள், அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

'யாரும் சொல்லாமலே எப்படிம்மா வந்தீங்க?' என்றதற்குப் பதில் வரவில்லை. சுவரின் கோடியைக் காட்டி, 'மூலை சரியாப் பிடிக்கலை. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தீங்களா?' என்றார். விட்டுப் பார்த்தேன். சரியாகப் பிடிக்கவில்லைதான்.

இதை இவரிடம் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றுதான் இவர் எழுந்து உட்கார்ந்தார். மருத்துவர்கள் செய்ததை நான் குறைக்கவில்லை, அவர்களுக்கும் கோடி நன்றி. ஆனால் இவர் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்தவள் நான். அந்த வீடு இனி முடியாது, விற்றுவிடலாம் என்று அதுவரை இரண்டு பேரும் மனதுக்குள் தனித்தனியாக முடிவு செய்து வைத்திருந்தோம். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். சுவர் நன்றாக இருக்கிறது என்றதும் இவர், 'அப்போ வெள்ளையடிக்கலாம்' என்றார். விற்பதைப் பற்றி அதன் பிறகு இருவரும் நினைக்கவில்லை.

எங்களைப் பார்த்துக்கொள்ள எத்தனையோ பேர் இருந்தீர்கள், அதனால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம். நாங்கள் பாதியில் விட்டு வந்த வேலையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இனி வேண்டியவர்கள் வீட்டில் கஷ்டம் என்றால், போன உடனே 'என்ன வேணும்?' என்று கேட்பதற்கு முன்னால் எதைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். எனக்கு அந்த அம்மாவின் கண் கிடையாது. பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னும் சில உறுதிகள், இவரும் கேட்கும்படி எழுதுகிறேன். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை மட்டும்தான். யார் எந்த பிளாஸ்டிக் பெயிண்ட் டப்பாவைக் காட்டினாலும் கிடையாது. பின்பக்க மச்சு வேலை கொத்தனாரும் தச்சரும் வந்து செய்வார்கள், நாங்கள் எடுபிடி வேலை செய்வோம். கீழே ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் இவர் ஏணியில் கால் வைக்க மாட்டார். (தலையாட்டுகிறார். எழுத்தில் வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே போடுகிறேன்.) அந்த மூலையை மட்டும் தொடப் போவதில்லை. அந்த அம்மா வரும்போதெல்லாம் பார்த்துக் குறை சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

அப்புறம் ஒரு வேண்டுகோள். புது விட்டம் ஏறும் வரை முட்டுகள் எங்களிடம்தான் இருந்தாக வேண்டும். கொடுத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற பொருட்களை வந்து எடுத்துக்கொள்ளலாம்: நீல ஏணி ஒன்று, டார்ச் விளக்குகள், கடப்பாரை, யாருடையது என்றே தெரியாத ஒற்றைக் கையுறைகள் ஒரு பை நிறைய. ரசமட்டம் ஒன்றும் கூடுதலாக இருக்கிறது, எங்களுடையதைவிட நல்லது. சொந்தக்காரர் சீக்கிரம் வந்து கேட்காவிட்டால் அது திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதி தர இவர் மறுக்கிறார்.

அன்புடன்,
நாங்கள் இருவரும்