கம்பிக்குக் கீழே ஓடிய லாரிகள்

டார்ம்ஸ்டாட்,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வண்டிக்கு எஃப்.சி. முடிந்தது, தங்கச்சி காலில் கட்டுப் பிரித்தாயிற்று என்று படித்த பிறகுதான் நிம்மதி.

"டிரைவரே இல்லாத லாரி வருதாமே, பையனை இந்தத் தொழிலில் விடலாமா?" என்று கடைசியில் கேட்டிருந்தாய். அதைத்தான் இத்தனை நாள் யோசித்தேன்.

இங்கே ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் நடுவே, ஏ5 நெடுஞ்சாலையில், 2019 மே மாதம் லாரிகளுக்கென்றே மின்கம்பி போட்டார்கள். முதலில் போகும் பக்கம் 5, வரும் பக்கம் 5 கிலோமீட்டர். வேலைக்குப் போகும்போது அந்த லாரிகளின் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். கேபினுக்குப் பின்னால், மின்சார ரயில் கூரையில் இருக்குமே, அதுபோல ஒரு கை மடங்கிக் கிடக்கும். கம்பி தொடங்கியதும், வண்டி ஓட்டத்திலேயே அந்தக் கை எழும்பிக் கம்பியைத் தொடும். 670 வோல்ட் மின்சாரம் மோட்டாரையும் ஓட்டும், பேட்டரியிலும் ஏறும். லேன் மாறினால் கை தானே இறங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் ஓடியது. ஆனால் 2024 முடிவோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள். சுவீடனிலும் ஹால்ஸ்பெர்க், ஓரெப்ரோ இடையே 21 கிலோமீட்டர் மின்சாலை போட இருந்தார்கள். டெண்டர் தொகை கட்டுக்குள் வராததால் 2023இல் தள்ளிவைத்தார்கள். நாடு முழுக்கக் கம்பி இருந்தால்தான் லாரிக்காரன் அதை நம்பி வண்டி வாங்குவான். வண்டி நிறைய ஓடினால்தான் கம்பி போட்ட காசு திரும்பும். எனக்கு வருத்தம்தான். கம்பி இல்லையென்றால் மின்சார லாரி பெரிய பேட்டரியைச் சுமக்க வேண்டும், அந்த எடைக்குச் சரக்குக் குறையும். ஒரு டன் என்றால் என்ன வாடகை என்று உனக்குத் தெரியாததா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில், டெக்சாஸில் டல்லாஸ், ஹூஸ்டன் இடையே 2025இல் ஆளில்லாத லாரி சரக்கேற்றிப் போனது. சில வாரத்திலேயே, லாரி தயாரித்த கம்பெனி கேட்டுக்கொண்டதால், சீட்டில் மறுபடி ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். ஆனாலும் அது வரட்டும் என்றுதான் நான் சொல்வேன். ராத்திரி இரண்டு மணிக்கு, நேர் ரோட்டில்தானே என் அண்ணன் கண் அசந்தது. நீதான் முதலில் ஓடிப்போனாய். அந்த ராத்திரி ஓட்டத்தை மெஷின் எடுத்துக்கொண்டால் எத்தனை வீடு பிழைக்கும்!

மார்க்கெட் சந்தில் ரிவர்ஸ் எடுக்கவும், மழையில் தார்ப்பாய் இழுத்துக் கட்டவும் ஆள் வேண்டும், ரொம்ப வருஷத்துக்கு. பையனை விடு. லைசென்ஸோடு நிறுத்தாமல் மோட்டார், பேட்டரி வேலையும் படிக்கட்டும். அந்தப் பீஸை நான் கட்டுகிறேன், மறுக்காதே.

சித்திரையில் வருவேன். அப்புறம், அண்ணன் மகளுக்கு நாள் குறித்ததும் உடனே போன் பண்ணு.

உன்,
முருகேசன்