வரவேற்புரையையும் 24-இல் ஓட்டுங்கள்

மதிப்புக்குரிய திரைப்படக் கழக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மூன்று வருடமாக நான் கேட்பது ஒன்றே ஒன்று. கௌபாய் படம் என்றாலே 1939-இல் வந்த 'ஸ்டேஜ்கோச்'சில் ஆரம்பிக்கிறீர்களே, அதற்கு முந்தைய படம் மாதத்துக்கு ஒன்றாவது போடுங்கள். ஒருவழியாக 1916-இல் வந்த 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' என்ற மௌனப் படத்தைப் போட்டீர்கள். நன்றி. போட்ட விதம்தான் வயிற்றெரிச்சல்.

அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றி எடுத்தார்கள். நொடிக்குச் சுமார் 18 ஃபிரேமில் ஓட வேண்டியதை 24-இல் விட்டால் ஒரு மணி நேரப் படம் முக்கால் மணியில் முடிந்துவிடும். இந்தப் படத்தின் நாயகன் வில்லியம் எஸ். ஹார்ட் அதிகம் அசையாமலே நடிப்பவர். பாதிரியாரை ஊரைவிட்டுத் துரத்த வந்த ரௌடியாக அவர் வருகிறார்; அந்த ரௌடி பாதிரியாரின் தங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறான். படமே அந்த நிற்றலில்தான் இருக்கிறது. உங்கள் வேகத்தில் அவர் தேள் கொட்டியவர் மாதிரித் துள்ளினார். அரங்கம் சிரித்தது.

அப்புறம், அவன் ஊரையே கொளுத்தும் கடைசிக் காட்சி. பற்றி எரியத் தொடங்கியதும் "நேரமாச்சு" என்று விளக்கைப் போட்டுவிட்டீர்கள். வேகமாக ஓட்டியும் நேரம் போதவில்லையாம்! வரவேற்புரைக்கு மட்டும் நாற்பது நிமிடம் கிடைத்தது. அதையும் 24-இல் ஓட்டியிருக்கலாம்.

1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான கிட்டத்தட்ட 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் மூல வடிவில் மிஞ்சியிருக்கின்றன. தப்பித்து வந்ததையாவது முழுசாகக் காட்டக் கூடாதா? 'பழசுக்கு யார் வருவார்கள்' என்கிறீர்கள். குடித்துவிட்டுத் தன் தேவாலயத்தையே கொளுத்தக் கிளம்பும் பாதிரியாரை அப்புறம் வந்த எத்தனை கௌபாய் படங்களில் பார்த்தீர்கள்? நீங்கள் கொண்டாடும் 'ஸ்டேஜ்கோச்' நடிகர் ஜான் வெய்னே அதற்கு முன்பு 1930-இல் 'தி பிக் டிரெயில்' நாயகன்தான். 70 மி.மீ. அகலத் திரையில் எடுத்த படம். பெரும்பாலான தியேட்டர்களில் அதை ஓட்டக் கருவியே இல்லை. படம் படுத்தது, அவர் பல வருடம் மலிவுப் படங்களில் கிடந்தார். அவர்களிடம் கருவி இல்லை, சரி. உங்களிடம் வேகத்தைக் குறைக்கும் பொத்தான் இருக்கிறதே.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். அடுத்த மாதம் ஹார்ட்டின் 'டம்பிள்வீட்ஸ்' (1925) போடுங்கள். நிலம் பிடிக்க வண்டிகளும் குதிரைகளும் பாய்ந்து வரும் காட்சி ஒன்றுக்காகவே போடலாம். சரியான வேகத்தில், கடைசிவரை. புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசை உறுப்பினர்