சுத்தம் செய்கையில் உதிரும் புள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உரை எழுதும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தமிழில் போதிய உரை இல்லை என்ற குறை அடிக்கடி கேட்கிறது. இருக்கும் உரையும் பன்மொழித் தொகுப்புக்குள் போகும் வழியிலேயே கெடுகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பெரிய சேதம் நிறுத்தக்குறிகளை நீக்கும்போது நடக்கிறது. பைத்தான் நிரல்மொழியோடு வரும், உரையில் தேடி மாற்ற உதவும் ரீஜெக்ஸ் கருவி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. 'எழுத்து, எண், இடைவெளி தவிர மற்றதை நீக்கு' என்று ஒரே வரி எழுதினால் 'தமிழ்' 'தமழ' ஆகும். 'கொடுத்தான்' 'கடததன' ஆகும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. தமிழ் படிக்கத் தெரியாதவர் கோப்பைத் திறந்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். கணினியின் பொது எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் 'குறி' என்று வகுக்கப்பட்டவற்றையும் விட்டுவைக்கும்படி அந்த வரியை எழுத வேண்டும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத இரட்டை வடிவம். 'ஔவை' என்பதைப் பலர் ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' என்றே தட்டுகிறார்கள். 'கௌரவம்', 'கெளரவம்' ஆகிறது. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியே தட்டிய 'கொ'வை யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒரே வடிவாக்கும் முறை) ஒன்றாக்கிவிடும். ளகரம் முழு எழுத்து என்பதால் அதைத் தொடாது. அதற்காகக் கண்ட இடமெல்லாம் மாற்றினால் 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆகிவிடும். ளகரத்தின் பின் குறியோ புள்ளியோ வந்தால் விட்டுவிட்டு, மற்றவற்றைச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துவதே பாதுகாப்பு.

ஆங்கிலத்துக்கு வகுத்த தர விதிகளை அப்படியே போடுவதும் தவறு. டீப்மைண்ட் நிறுவனத்தின் கோபர் என்ற மொழி மாதிரிக்கான விதியில் சராசரிச் சொல் நீளம் 3 முதல் 10 குறியீடுகளுக்குள் இருக்க வேண்டும். எழுத்தையும் அதன் குறியையும் புள்ளியையும் கணினி தனித்தனிக் குறியீடாக எண்ணும். 'பேசிக்கொண்டிருந்தார்கள்' நமக்கு 12 எழுத்து, கணினிக்கு 23 குறியீடு. நீண்ட சொற்கள் மிகுந்த நல்ல உரைநடைதான் முதலில் வெளியேறும். எழுத்துகளை எண்ணி, நல்ல தமிழ் உரை சிலவற்றிலிருந்தே வரம்பை எடுக்க வேண்டும். உரை இயல்பானதா என அறிய கோபர் விதிகள் 'the', 'of' போன்ற ஆங்கிலச் சொற்களையும் தேடுகின்றன; அவற்றுக்குப் பதில் 'ஒரு', 'என்று', 'இந்த' போன்றவற்றை வைக்கலாம்.

வரிசையும் முக்கியம்: பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுவது, சீராக்கம், பிரதி நீக்கம் (திரும்ப வரும் உரையை அகற்றுவது), பிறகு தர வடிகட்டல். சீராக்கும் முன் பிரதி நீக்கினால் ஒரே பத்தி இரண்டு வடிவத்தில் தங்கிவிடக்கூடும்.

பயிற்சியில் சிறிய மொழிகளுக்குக் கூடுதல் பங்கு தருவது வழக்கம். கூகுளின் எம்டி5 என்ற பன்மொழி மாதிரியில், ஒவ்வொரு மொழியின் உரை அளவையும் 0.3 அடுக்குக்கு உயர்த்தி, வரும் எண்களின் விகிதத்தில் பங்கிட்டார்கள். அதன்படி 100 மடங்கு பெரிய மொழிக்கு ஏறக்குறைய 4 மடங்கு பங்குதான். ஆகவே சிறிய மொழியின் ஒவ்வொரு வரியையும் மாதிரி அதிக முறை படிக்கிறது, சிதைந்த வரியையும்தான்.

தொகுப்பை வெளியிடும் நிறுவனங்கள் மூல உரையையும் துப்புரவு நிரலையும் சேர்த்தே தர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் குலுக்கி எடுத்த 500 வரிகளைத் தமிழறிந்த ஒருவர், முந்தைய கட்டத்து வரிகளைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி