பொட்டலக் கணக்கு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பசித்தவர்களுக்கு உணவளிக்கும் தன்னார்வக் குழுக்களைப் பாராட்டிச் சென்ற இதழில் நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். அப்படிப்பட்ட ஒரு குழுவின் சமையற்கூடத்தில் வரவு செலவு எழுதுபவன் என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தால் பசி ஒழிந்துவிடும் என்று முடித்திருந்தீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. அதை நம்பி ஆரம்பித்த பல குழுக்கள் கொஞ்ச காலம் ஓடி, களைத்து, சத்தமில்லாமல் கடையைக் கட்டிவிட்டன.

எங்கள் வரவுப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் வரிசை ஒன்றுதான்: தானியம், சர்க்கரை, எண்ணெய், காலாவதித் தேதி நெருங்கிவிட்ட பிஸ்கட். பருப்பு அபூர்வம். முட்டை, கீரை, பழம் நன்கொடையாக வந்ததாக எழுதிய வரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவை பெரும்பாலும் செலவுப் பக்கத்தில்தான் இருக்கும். கொடுப்பவர்கள்மேல் குறையில்லை. எது கெடாதோ, எது தூக்கிவர எளிதோ, எது மலிவோ அதுதான் தானமாக வரும். அதை வைத்துச் சமைத்துப் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. இரும்புச்சத்து, துத்தநாகம், வைட்டமின் ஏ போதாமல் நலியும் உடம்பு பசிக்கிறது என்று குரல் கொடுப்பதில்லை. கருவில் உருவான நாளிலிருந்து இரண்டு வயது முடியும் வரையிலான ஆயிரம் நாட்களில் இந்தக் குறை விழுந்தால், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

ஐ.நா. அமைப்புகள் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 2024-ல் பசியில் வாடியவர்கள் சுமார் 67 கோடிப் பேர். சத்தான உணவை வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் சுமார் 260 கோடி. இரண்டுக்கும் நடுவே இருக்கிறவர்கள் ஏதோ சாப்பிடுகிறார்கள், ஆனால் சத்தானதைச் சாப்பிட வழியில்லை. பொட்டலங்களை எண்ணிப் பார்க்கும்போது இவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

இங்கே வியட்நாம் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் ‘தான் ஹோவா’ என்ற மாகாணத்தின் ஏழைக் கிராமங்களுக்கு ஜெரி ஸ்டெர்னின் என்ற தொண்டு நிறுவன அதிகாரி தன் மனைவியோடு போனார். கையில் பெரிய நிதி இல்லை. குழந்தைகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். பரம ஏழை வீடுகளில்கூடச் சில குழந்தைகள் நல்ல எடையோடு இருந்தன. அந்த வீடுகளில் மட்டும் என்ன நடக்கிறது என்று ஊர்க்காரர்களே போய்ப் பார்த்தார்கள். வயலில் கிடைக்கும் பொடி இறாலையும் சிறு நண்டையும் அந்தத் தாய்மார்கள் குழந்தையின் சோற்றில் சேர்த்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கீரையைச் சேர்த்தார்கள். இதெல்லாம் குழந்தைக்கு ஆகாது என்பது ஊரார் எண்ணம். இரண்டு வேளை நிறையக் கொடுப்பதற்குப் பதில், அதே உணவைப் பிரித்து மூன்று நான்கு வேளையாக ஊட்டினார்கள். கையைக் கழுவினார்கள். பிறகு நடந்த ஊட்டச்சத்துச் சமையல் கூட்டங்களுக்கு வந்த மற்ற தாய்மார்கள், கட்டணமாக, ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும் என்று வைத்தார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கட்டணம்தான். அவர்கள் யாரும் கையேந்தி வரவில்லை. வேண்டியதைத் தாங்களே பொறுக்கி எடுத்து வந்தார்கள். கூட்டம் முடிந்த மறுநாளும் அதே வயலில் அதே நண்டு கிடைக்கும்.

எல்லா இடத்திலும் வயலில் நண்டு கிடைக்காது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். அதற்குத்தான் பெரு நாட்டின் லிமா. 1970-களின் கடைசியில் அங்கே குடிசைப் பகுதிப் பெண்கள் அவரவர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றாகச் சமைக்கத் தொடங்கினார்கள். சரக்கை மொத்தமாக வாங்குவது, சமையலுக்கு முறை வைத்துக்கொள்வது, சாப்பாட்டுக்குச் சிறு தொகை வாங்குவது, நோயாளிக்கும் ஏதுமற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுப்பது. யாருக்கு இலவசம் என்று முடிவு செய்தவர்கள் அதே தெருப் பெண்கள்தான். மனுவோ சான்றிதழோ கிடையாது. யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாதா என்ன? 1990-ல் பொருளாதாரம் சரிந்து விலைவாசி ஒரே இரவில் எகிறியபோது நகரத்தின் ஏழைகளைத் தாங்கியவை இந்தச் சமையற்கூடங்கள். சமைப்பதோடு அந்தப் பெண்கள் நின்றுவிடவும் இல்லை. குழந்தைகளுக்கு தினமும் ஒரு குவளை பால் கொடுக்கும் திட்டத்தை 1984-ல் லிமா நகராட்சி தொடங்கியது. அதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கக் கேட்டு ஆயிரக்கணக்கான தாய்மார்கள் ஊர்வலம் போனார்கள். 1985 ஜனவரியில் சட்டம் வந்தது.

உங்கள் தலையங்கத்தில் விட்டுப்போனது, அரசிடம் கேட்டுப் பெறும் இந்த இரண்டாவது பாதிதான். தன்னார்வலர்கள் செய்கிறார்களே, அரசு எதற்கு என்ற தொனி அதில் இருந்தது. கனடாவின் எட்மன்டன் நகரில் 1981-ல் அந்நாட்டின் முதல் உணவு வங்கி தொடங்கியது, நெருக்கடி தீரும்வரை தாற்காலிகமாக என்று சொல்லி. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அது இயங்குகிறது. நாடெங்கும் உணவு வங்கிகள் பெருகிவிட்டன. அங்கே உழைப்பவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சம்பளம் வாடகைக்கே போதாமல் ஒருவர் வரிசையில் நிற்கிறார் என்றால், அவருக்கு இன்று ஒரு பை உணவு வேண்டும். அதோடு அந்தச் சம்பளமும் வாடகையும் ஏன் அப்படி இருக்கின்றன என்று கேட்க ஓர் ஆளும் வேண்டும். வரிசையை அருகிலிருந்து பார்க்கிறவர்களே அதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

வீணாகும் உணவை ஏழைகளுக்குத் திருப்பிவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். 2022-ல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்றும், அதில் பாதிக்கு மேல் வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வீட்டுத் தட்டில் மிஞ்சியதை யாரும் வண்டி வைத்துச் சேகரிக்க முடியாது. பெரிய கடைகளில் மிஞ்சுவதைப் பெற முடியும். விற்காத நல்ல உணவைப் பெரிய அங்காடிகள் அழிக்கக் கூடாது என்று பிரான்ஸ் 2016-லேயே சட்டம் போட்டது. அது நடக்கட்டும். ஆனால் என்ன மிஞ்சுமோ அதுதான் ஏழையின் உணவு என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் பதிவேட்டின் பிஸ்கட் பக்கங்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. சூடானில் 2023 ஏப்ரலில் போர் மூண்டபின், பெரிய நிறுவனங்கள் நுழைய முடியாத தெருக்களில் அந்தந்தப் பகுதி இளைஞர்களும் பெண்களும் ‘அவசரகால உதவி அறைகள்’ அமைத்துக் கூட்டுச் சமையல் நடத்தினார்கள். 2025-ல் அவர்களுக்கு நார்வேயின் ராஃப்டோ மனித உரிமைப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது ஏராளமான அடுப்புகள் அணைந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாராட்டும் பரிசும் உலை வைக்காது. எங்களைப் போன்ற சிறிய குழுக்களிலும் இதே கதைதான். உணவுக்கு என்றால் மனமுவந்து கொடுப்பவர்கள், எரிவாயுவுக்கும் பாத்திரத்துக்கும் சமைப்பவர் கூலிக்கும் என்றால் தயங்குவார்கள். கூலியில்லாமல் சமைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் ஒரு முறை, இங்கே ஒரு முறை. சேவை என்று சொல்லியே அவர்கள் முதுகை ஒடிக்கிறோம்.

கடைசியாக, தலையங்கத்தோடு நீங்கள் போட்டிருந்த புகைப்படம். பொட்டலத்தை வாங்கும் சிறுமியின் முகம் தெளிவாகத் தெரிகிறது. கொடுப்பவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நாளை அவள் வகுப்பில் அந்தப் பக்கம் கைமாறும். இனிமேல் வாங்குபவர் முகத்தைப் போடாதீர்கள்.

இந்தக் குழுக்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது எத்தனை பொட்டலம் என்று மட்டும் கேட்காமல், உங்கள் செய்தியாளரைச் சமையற்கூடத்துக்குள் அனுப்புங்கள். இன்றைய உணவில் பருப்பு எவ்வளவு, காய் எவ்வளவு என்று அவர் கேட்கட்டும். என்ன சமைப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் சாப்பிட வருபவர்கள் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று கேட்கட்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் புயத்தின் (தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியின்) சுற்றளவை யாராவது அளக்கிறார்களா என்றும் பார்க்கட்டும். அதற்கு ஒரு வண்ண நாடா போதும், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைவு, உடனே மருத்துவ உதவி வேண்டும். பல நாடுகளில் தாய்மார்களே தங்கள் குழந்தைகளை இப்படி அளக்கிறார்கள். கணக்குப் பதிவேட்டைக் கேட்டால் நான் காட்டத் தயார்.

இப்படிக்கு,
சமையற்கூடத்தில் கணக்கு எழுதும் வாசகன்