தோற்றுப்போன ஆய்வுகளுக்கும் ஒரு சுவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வுத் தோல்விகளைப் பற்றி நாளிதழ்கள் எழுதும்போதெல்லாம் ஒரே வகைக் கதைதான் வருகிறது. 1856-இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்தது கறுப்புக் கசடு. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது ஊதாச் சாயம் வந்தது. 2009-இல், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியனின் அமெரிக்க ஆய்வகத்தில், மின்னணுக் கருவிகளுக்கான பொருளைத் தேடி யிட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுட்டார்கள். உலையிலிருந்து வந்ததோ கண்ணைப் பறிக்கும் நீலம். இரண்டும் அருமையான கதைகள். ஆனால் இவற்றைத் தோல்வி என்பதே பொருந்தாது; வேறு வாசல் வழியாக வீட்டுக்கு வந்துசேர்ந்த வெற்றிகள் இவை. எந்த வாசலும் திறக்காத ஆய்வுகளே ஆய்வகங்களில் அதிகம். 1979-இல் உளவியலாளர் ராபர்ட் ரோசந்தால், வெளியிடப்படாமல் இழுப்பறையில் கிடக்கும் முடிவுகளால் அறிவியலுக்கு வரும் கேட்டைப் பெயரிட்டே சுட்டிக்காட்டினார். அந்த இழுப்பறையைத் திறக்கக் கலையால் முடியும் என்று சொல்லவே இக்கடிதம்.

ஒரு படத்தை மட்டும் நெருங்கிப் பாருங்கள். 1887-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் மைக்கல்சனும் மோர்லியும், ஒளி பரவ ஊடகமாக வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதரைத் தேடினார்கள். சுமார் ஒன்றரை மீட்டர் சதுர மணற்கல் பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, மெதுவாகச் சுழற்றி, சுற்றுக்கு 16 இடங்களில், இரு ஒளிக்கதிர்கள் கலந்து உண்டாக்கும் ஒளிப்பட்டையின் நகர்வை அளந்தார்கள். ஈதர் இருந்தால் பட்டை ஒன்றின் அகலத்தில் 0.4 பங்கு நகரும் என்பது கணக்கு. அவர்கள் வெளியிட்ட வரைபடத்தில் நண்பகல் அளவீடு மேலே, மாலை அளவீடு கீழே. இரண்டு கோடுகளும் ஏறக்குறையப் படுத்தே கிடக்கின்றன. பக்கத்தில் புள்ளிக்கோடாக எதிர்பார்த்த வளைவு. அந்தப் புள்ளிக்கோடு, கணக்குப்படி வரவேண்டியதில் எட்டில் ஒரு பங்குதான். அப்படிச் சுருக்கிய பிறகும் அளந்த கோடு அதன் பக்கத்தில் தட்டையாகத்தான் தெரிகிறது. நம்பியதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் உள்ள அந்த வெற்றிடம்தான் படத்தின் அழகு.

இதைத் துணியில் நூல் தையலாகச் செய்வதானால், பட்டையின் 0.01 பங்குக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்பார்ப்பு 40 சென்டிமீட்டர் உயரம் போகும். உண்மை நகர்வு அதில் இருபதில் ஒரு பங்குக்கும் நிச்சயம் குறைவு என்றார்கள் அவர்கள்; ஆக இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே இருக்க வேண்டும். ஓவியர்கள் சறுக்குவது இங்கேதான்: வெறும் கோடு மந்தமாக இருக்கிறதென்று உயரத்தை மட்டும் இழுத்துவிடுவார்கள், கருவியின் சின்னச் சின்ன அளவீட்டுத் தடுமாற்றம் மலைத்தொடராகிவிடும். பார்ப்பவர் அங்கே ஏதோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்.

உயிரியல் ஆய்வகங்களில் புரதம், டி.என்.ஏ. போன்றவற்றை மின்சாரத்தால் பிரிக்கும் கூழ்த்தகடுகளான ஜெல்கள் கெட்டுப்போனால் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போடுகிறார்கள். புரதப் பட்டைகள் நேராக ஓடாமல் இரு ஓரங்களும் பின்தங்கி வளைந்திருப்பதை ஆய்வகத்தார் 'சிரிப்பு' என்பார்கள். மின்னழுத்தம் கூடி, ஜெல்லின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சூடாகி வேகமாக ஓடியதன் தடம் அது. வெப்பம் தானே வரைந்த கோடு! புரதத்தைக் காட்டும் கூமாசி நீலச் சாயம் ஏற்றிய ஜெல்லைப் பாதுகாப்பது எளிது. மாதிரியை ஊற்றும் குழிகள் உள்ள மேல்விளிம்பை வெட்டிவிட வேண்டும். கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். 20 சதவீத எத்தனாலும் 5 சதவீத கிளிசராலும் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நனைத்த இரு செலோபேன் தாள்களுக்கு நடுவே வைத்து, சட்டத்தில் இறுக்கி, அறை வெப்பத்தில் ஓரிரு நாள் உலரவிட வேண்டும். பரிசுப்பொருள் சுற்றும் பிளாஸ்டிக் தாள் உதவாது, அதன் வழியே நீராவி வெளியேறாது. காற்றுக்குமிழி ஒன்று சிக்கினாலும் அந்த இடத்தில் வெடிப்பு விழும். கிளிசரால் கூடினால் ஜெல் பிசுபிசுப்பாகவே நிற்கும். கையுறை கட்டாயம். உடலுக்குக் கேடான சாயமான எத்திடியம் புரோமைடு கலந்த டி.என்.ஏ. ஜெல்லைக் காட்சிக்குக் கொண்டுவரவே கூடாது. அதைப் படமெடுத்துக்கொண்டால் போதும்.

நுண்ணுயிர் வளர்க்கும் பெட்ரி தட்டு பூஞ்சை புகுந்து வீணானால் அதற்கும் படம் மட்டுமே வழி. கிருமியை அழிக்க, உயர் அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரிக்கு ஏற்றியாக வேண்டும். தட்டிலுள்ள அகர் என்னும் கூழோ 85 டிகிரியிலேயே உருகிவிடும், கோலமெல்லாம் கலைந்துபோகும். ஆகவே முதலில் படம், பிறகு அழிப்பு. மூடியைத் திறக்காமல், ஓரத்தை நீளும் மெழுகுப் படலமான பாராஃபிலிமால் சுற்றி, தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கமாக எடுங்கள்; திறந்தால் பூஞ்சைத் துகள் அறையெங்கும் பறக்கும். கீழே ஒரு சாண் தள்ளிக் கறுப்புத் துணி, இரு பக்கமும் சாய்வாக விளக்கு, பக்கத்தில் அளவுகோல். தட்டின் மேல் மாணவர் பேனாவால் எழுதிய தேதியையும் குறியையும் அழித்துவிடாதீர்கள். கணினியில் நிறம் கூட்டுவதும் வேண்டாம்.

படம் எதுவானாலும், அருகில் நான்கு வரி இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்தான். எதை எதிர்பார்த்தார்கள், என்ன செய்தார்கள், என்ன வந்தது, ஏன் தவறியது. நான்காவதற்கு விடை இல்லையென்றால் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதலாம்; அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. சோதனையைச் செய்த மாணவரின் சம்மதம் வாங்கி, அவர் விரும்பினால் பெயரையும் போட வேண்டும். நோயாளிகளின் தரவு என்றால் தொடவே வேண்டாம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வாரம் ஒரு கட்டம், இரண்டு பத்தி அகலத்தில், இப்படிப்பட்ட ஒரு படத்துக்கும் அந்த நான்கு வரிக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் போதும். 1887-இன் அந்த வரைபடத்திலும் வண்ணம் கிடையாது.

இப்படிக்கு,
ஆய்வகங்களில் பணியாற்றும் வாசகர்கள்